பலவேசம் அண்ணாச்சி வீட்டு லிஸ்ட்

மணி நேரத்துக்கு எண்பது சாமான் எடுத்தாக வேண்டும். முத்துவடிவின் தலையில் இப்போது எழுதியிருப்பது இதுதான். எண்பதுக்குக் கீழே தொடர்ந்து நாலு வாரம் போனால், திருநெல்வேலி தாண்டி பைபாஸ் ஓரத்தில் இருக்கிற குடோனுக்கு ஆளை மாற்றிவிடுவார்கள். வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கம்பெனிக்காரனுக்கு அந்தக் கெட்ட பெயர் எதற்கு? காலை ஆறு மணி ஷிப்ட் என்று ஒரு தாளைக் கொடுப்பான், அவ்வளவுதான். மேலகரத்திலிருந்து கிளம்பி ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கே எழுந்து உலை வைக்க வேண்டும். நாற்பத்தேழு வயதில், முழங்கால் இரண்டும் மாற்றி மாற்றிக் குத்துகிற பொம்பளை எத்தனை நாளைக்குப் போவாள்? தானாகவே நின்றுகொள்வாள். அதைத்தான் அவர்களும் எதிர்பார்ப்பது.

மூன்று வாரம் போய்விட்டது. எழுபத்திரண்டு, எழுபத்தாறு, எழுபத்தைந்து. நடப்பது நாலாவது வாரம்.

வேலை என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி போனில் ஆர்டர் போடுவார்கள். இவள் கையில் கட்டியிருக்கிற ஸ்கேனரில் அது வந்து விழும். எந்த வரிசை, எந்தத் தட்டு என்று அதுவே சொல்லும். ஓடிப்போய் எடுத்து, அதன் கோட்டை ஸ்கேனருக்குக் காட்டி, கூடையில் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். வேகமாக எடுத்தால் திரை பச்சையாக இருக்கும். கொஞ்சம் தாமதித்தால் மஞ்சள், அப்புறம் சிவப்பு. ரோட்டில் போகிற லாரிக்காவது சிவப்பு விழுந்தால் நிற்கலாம். இங்கே சிவப்பு விழுந்தால்தான் ஓட்டம்.

கடை இருப்பது தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில். சீசன் நேரம் வேறு. குளிக்கப் போகிறவன் எண்ணெய்க்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் வந்து நிற்பான். குளித்து வந்தவன் சொட்டச் சொட்ட சிப்ஸுக்கு வந்து நிற்பான். நாலாம் வரிசையில் குடும்பம் குடும்பமாக அடைத்துக்கொண்டு, தரையெல்லாம் ஈரக் காலடி. அந்த நாலாம் வரிசை வழியாகத்தான் போக வேண்டும் என்று ஸ்கேனர் சொல்லும். சென்னையில் உட்கார்ந்து வழி போட்டவனுக்குக் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன? போன மாதம் இரண்டு தடவை வழுக்கி விழப் பார்த்தாள். விழுந்தாலும் ஸ்கேனர் பாட்டுக்கு நிமிஷத்தை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

முந்தி இப்படி இல்லை. பழைய முதலாளிக்கு இந்தப் பக்கம் ஐந்து கடை. அவர் ஒன்றும் உத்தமர் இல்லை, தீபாவளிக்கு அரைக் கிலோ காராச்சேவைக் கொடுத்துவிட்டு அதை ஆறு மாதம் சொல்லிக் காட்டுகிறவர்தான். ஆனால் வாசலுக்கு நேராக ஒரு மேஜை போட்டிருந்தார். லிஸ்ட் மேஜை என்று பெயர். ஜனங்கள் மாத லிஸ்ட்டை அங்கே கொடுத்துவிட்டுக் கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விடுவார்கள். திரும்பி வரும்போது சாமான் பையில் கட்டித் தயாராக இருக்கும். பத்து வருஷம் அந்த மேஜையில் முத்துவடிவுதான். போன வருஷம் முதலாளி ஐந்து கடையையும் மொத்தமாகக் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார். இந்தப் பங்குனியில் மேஜையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பிஸ்கட்டை மலையாக அடுக்கினார்கள். பில் போட்டுக்கொண்டிருந்த சாஜிதாவை, ஜனங்களே பில் போட்டுக்கொள்கிற மெஷினுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்தினார்கள்.

பத்து வருஷப் பழக்கம் ஒன்று இவளை விட்டுப் போகவில்லை. லிஸ்ட்டைப் பார்த்தால் வீட்டைப் படித்துவிடுவாள். முந்திரியும் ஏலக்காயும் நெய்யும் திடீரென்று ஏறினால் அந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள். எள்ளும் பச்சரிசியும் என்றால் திதி. வெறும் ரவையும் ரஸ்க்குமாக வந்தால் யாருக்கோ காய்ச்சல். ஸ்கேனரில் பெயர் பாதியும் தெருவும்தான் தெரியும், இருந்தாலும் அவளுக்குப் போதும். ‘இந்த வீட்டில் இந்தப் புளி ஆகாதே, அவளுக்குப் பழம்புளிதானே வேண்டும்’ என்று ஒரு நிமிஷம் நின்று யோசிப்பாள். ஸ்கோர் விழுவது இப்படி நிற்கிற நிமிஷத்தில்தான். அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் கால் நின்றுவிடும்.

அப்படித்தான் பலவேசம் அண்ணாச்சி வீட்டு லிஸ்ட் கண்ணில் உறுத்தியது.

பலவேசம் போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு கீழப்புலியூரில். மாதா மாதம் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மேஜை முன்னால் வந்து நிற்பார். எழுபத்திரண்டு வயதிலும் மீசை கன்னங்கரேலென்று இருக்கும். பின்னாலேயே பையைப் பிடித்துக்கொண்டு அவர் சம்சாரம் கோமதியம்மாள் வருவாள். அவர் லிஸ்ட் எழுதுவதே ஸ்டேஷனில் மகஜர் எழுதுகிற மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து முப்பத்துநாலு வரைக்கும் நம்பர் போட்டு, கீழே தேதியும் கையெழுத்தும் வைத்துக் கொடுப்பார். அரிசி பருப்புக்குப் பிறகு அவர் ஐட்டங்கள் வரும். பிளேடு. மீசைக்குச் சாயப் பாக்கெட் இரண்டு. கறுப்பு ஷூ பாலிஷ் ஒரு டப்பா, வேலையில் இல்லாவிட்டாலும் ஷூ தினமும் மின்ன வேண்டும் அவருக்கு. கருப்பட்டி ஒரு கிலோ, சுக்கு, காரக் கடலை.

சித்திரையிலிருந்து அந்த வீட்டு ஆர்டர் போனில் வர ஆரம்பித்தது. பெயர் சுபாஷ் என்று இருந்தது. சுபாஷ் அண்ணாச்சியின் மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முதல் மாதம் பிளேடு இல்லை, சாயம் இல்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்தாள். வைகாசியிலும் இல்லை. பாலிஷ், கருப்பட்டி, கடலை ஒன்றுமில்லை. பத்துக் கிலோ அரிசி ஐந்து கிலோ ஆகிவிட்டது. ஆனியிலும் அதே கதை. வீட்டுப் பெயர் மகன் பெயருக்கு மாறிவிட்டது, அரிசி பாதியாகிவிட்டது, ஆம்பளை சாமான் ஒன்றுகூட இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? ரேஷன் கார்டில் தலைவர் பெயர் மாறினால் என்ன அர்த்தமோ அதுதான்.

சாஜிதாவிடம் சொன்னாள். சாஜிதாவுக்கும் முகம் வாடிப்போனது.

“அப்பம் அண்ணாச்சி மவுத்தாயிட்டாவன்னு சொல்லுதியளா எக்கா?”

“வேற என்னட்டி? பிளேடு இல்லாம அவிய ஒரு மாசம் இருந்திருக்காவளா?”

“ஊருக்குள்ள ஒரு போஸ்டர்கூட பாக்கலியே.”

“பாக்கதுக்கு நாம எங்கன வெளிய போனோம்? காலையில உள்ள வந்தா பொழுது சாயதான வெளிய போறோம். மூணு மாசத்துப் போஸ்டர ஆடு தின்னு செமிச்சிருக்கும்.”

அது சரியாகத்தான் பட்டது. பத்து வருஷம் முகம் பார்த்துப் பழகிய மனுஷன் போய்விட்டார், துட்டி கேட்கக்கூட ஆள் போகவில்லையே என்று முத்துவடிவுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆச்சி என்ன நினைப்பாள்? கடைக்காரிதானே, துட்டு இருக்கிறவரைக்கும்தான் சிரிப்பாள் என்று நினைக்க மாட்டாளா? புதன்கிழமை அவளுக்கு லீவு. அன்றைக்கு ஒருநாள் காலை நீட்டிப் படுத்தால்தான் வியாழன் முதல் சனி வரைக்கும் எண்பதைத் தொட முடியும். படுக்கவில்லை. பூ வைக்காமல், வெளிறிப்போன ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு மினி பஸ் ஏறினாள்.

கோமதியம்மாள் முன்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் தலைக்குக் குளித்திருப்பாள் போல, முடி விரிந்து கிடந்தது, நெற்றியில் பொட்டு இல்லை. முத்துவடிவுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஆச்சி, இப்பிடி ஆயிப்போச்சே ஆச்சி” என்று குரல் உடைந்தது.

கோமதியம்மாள் ஒரு கணம் திகைத்தாள். வெளிறிய சேலையையும் வெறும் கொண்டையையும் பார்த்தாள். முறத்தைத் தள்ளிவிட்டு இவளைக் கட்டிக்கொண்டாள்.

“ஐயோ எந் தாயீ, ஒனக்கா இப்பிடி வரணும்” என்று அவளும் அழ ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியவே இல்ல ஆச்சி.”

“எனக்கும் ஒருத்தரும் சொல்லலியே தாயீ.”

“நல்லா நடமாடிக்கிட்டு இருந்தாவளே.”

“கொஞ்ச வயசுதானட்டி, போற வயசா அது?”

எழுபத்திரண்டு கொஞ்ச வயசா என்று முத்துவடிவுக்கு லேசாகத் தட்டியது. இருந்தாலும் பெண்டாட்டிக்கு அப்படித்தானே இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதாள். அடிவயிற்றில் கிடந்த அலுப்பெல்லாம் சேர்ந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக ஸ்கேனரிடம் அழ முடியாததை ஆச்சியிடம் அழுதாள்.

“கோமதி, யாரு வந்திருக்கா?” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

வேட்டி பனியனோடு ஒரு பெரியவர் நிலைப்படியில் வந்து நின்றார். மீசை முழுக்க வெள்ளை, கன்னத்தில் நாலு நாள் தாடி. அண்ணாச்சியின் அண்ணனாக இருக்கும், என்ன ஜாடை என்று முத்துவடிவு நினைத்தாள். ஆனால் அவர் “முத்துவடிவா? என்ன இங்கன?” என்று கேட்டதும், அந்தக் குரல் பிடிபட்டது. ஆச்சியின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

கோமதியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள். “பாவம், இவ மாப்பிள்ள செல்லச்சாமி போயிட்டானாம்.”

“எங்க போனாவ? லாட்ஜுல வாட்ச்மேன் டூட்டில இருக்காவ” என்றாள் முத்துவடிவு.

“அப்பம் நீ யாருக்கு அழுத?”

எப்படிச் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியாது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கோமதியம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிறுத்த முடியவில்லை. முறத்தில் இருந்த பயறு சிதற, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உசுரோட இருக்கவுகளச் செத்தாவன்னு சொன்னா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாவ. விடு தாயீ, நல்லதுதான் பண்ணியிருக்க.”

பலவேசம் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பழைய ஏட்டல்லவா, விசாரணைக்கு வந்துவிட்டார்.

“எத வச்சு முடிவு பண்ணுன?”

முத்துவடிவு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிளேடு, சாயம், பாலிஷ், கருப்பட்டி, கடலை, அரிசி, மகன் பெயர். சொல்லச் சொல்ல அவர் கை தானாக மீசைக்குப் போனது.

“சாட்சியம் பலமாத்தான் இருக்கு” என்றார்.

அப்புறம் நிதானமாக அவரே சொன்னார். சித்திரைக்கு வந்த மகன், முழங்கால் வலியோடு ஏன் அலைகிறீர்கள், நானே அங்கிருந்து போட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். மாதா மாதம் ஓட்ஸும் க்ரீன் டீயும் இந்துப்பும் வருகிறது. ஆசையாகத்தான் அனுப்புகிறான்.

“எனக்கு என்ன வேணும்னு அவன் கேக்கல. இருவது வருசம் எங்கூட இருந்த பயலுக்கு இதக்கூட தெரியாதான்னு நானும் சொல்லல. மூணு மாசம் ஓடிட்டு. இனிமே சொன்னா கொற சொல்லுத மாதிரி ஆயிரும்.”

“தெருமுக்குல வாங்கியிருக்கலாமே அண்ணாச்சி?”

“வாங்கலாம். என்னத்துக்குன்னு விட்டுட்டேன்.” தாடியைச் சொறிந்துகொண்டே தொடர்ந்தார். “அவன் வாறதுக்கு முந்தி, பங்குனி மாசம் ஒங்க கடைக்கு நான் லிஸ்ட்டோட வந்தேன் பாத்துக்க. மேஜையக் காணும். லிஸ்ட்ட யார்ட்ட குடுக்கன்னு தெரியல. ஒரு பைய வந்து, ஆப்புல போடுங்க தாத்தான்னுட்டுப் போனான். அர மணிக்கூறு அங்கனயே நின்னேன். நீ ரெண்டு தரம் என்னத் தாண்டிப் போன. முத்துவடிவுன்னு கூப்பிட்டேன். ஒனக்குக் கேக்கல.”

முத்துவடிவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பங்குனியில்தான் ஸ்கோர் என்ற ஒன்று வந்தது. கூப்பிடுகிற குரலுக்கெல்லாம் திரும்பினால் சிவப்பு விழும் என்று திரும்பாமலிருக்கப் பழகியதும் அந்த மாதம்தான். அன்றைக்கு இவர் குரல் காதில் விழுந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். விழவில்லை என்று சத்தியம் பண்ண முடியவில்லை. செத்துவிட்டாரென்று எந்த மனுஷருக்காக அழ ஓடிவந்தாளோ அவரை, உயிரோடு எதிரே நின்றபோது பார்க்காமல் போயிருக்கிறாள். இந்த வெட்கம் அவளுக்கு வெகுநாள் இருக்கும். ஆச்சி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, போயிட்டு வாறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். துட்டி வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது, இங்கே தாராளமாகச் சொல்லலாம் அல்லவா.

கோமதியம்மாள் அன்றைக்கே மகனிடம் வீடியோவில் பேசினாள். அவளுக்கு அது வெறும் சிரிப்புக் கதை. பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்படியா இருக்கும்? கடை ஆள் அட்ரஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போயிருக்கிறாள், அதுவும் அப்பா செத்துப்போனார் என்று. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடு. கம்பெனிக்குக் காட்டமாக ஒரு புகார் எழுதிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் ஜஸ்டின் கூப்பிட்டான். சுரண்டைப் பையன், முப்பது வயது இருக்கும். கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலே ஒருத்தன் இருந்தான், அவன் தலைக்கும் ஒரு நம்பர் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

“எக்கா, கஸ்டமர் வீட்ல போயி ஒப்பாரி வச்சியளாமே?”

“ஆமா சார்.”

“இத எந்தப் பிரிவுல சேக்கன்னே தெரியல. தாமதம், உடைஞ்ச பொருள், தவறான பொருள், மரியாதைக் குறைவு, இவ்வளவுதான் இருக்கு. தவறான பொருள்னு போட்டு வச்சிருக்கேன்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “இந்த வாரம் நீங்க எண்பது தாண்டிட்டியன்னா இத வார்னிங்னு எழுதி முடிச்சிருதேன். தாண்டலன்னா ரெண்டும் சேந்துரும். அதுக்குப் பொறவு எங்கையில ஒண்ணும் இல்ல.”

வெள்ளியும் சனியும் முத்துவடிவு ஓடின ஓட்டத்தைக் கடையே பார்த்தது. லிஸ்ட்டைப் படிக்கவில்லை, யார் வீடு என்று பார்க்கவில்லை. புளி என்றால் கையில் கிடைத்த புளி. முந்திரி வந்தது, ரவை வந்தது, எந்த வீட்டில் என்ன நடந்தால் இவளுக்கென்ன? மத்தியானச் சோற்றை நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டாள். முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். சனிக்கிழமை நாலு மணிக்கு வாரக் கணக்கு எண்பத்தொன்றில் நின்றது. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிகிறது. இரண்டு மணி நேரம் இப்படியே இழுத்துவிட்டால் போதும், குடோன் இல்லை.

நாலே காலுக்கு ஜஸ்டின் கடை போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். “அந்தப் பெங்களூர்க் கஸ்டமர் லைன்ல இருக்காரு. ஒரு நிமிசம், ஸாரின்னு மட்டும் சொல்லிருங்க.”

போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் உளுந்தம்பருப்பை எடுத்தபடியே பேசினாள். “தம்பி, தப்பா நெனச்சுக்கிடாதிய. தெரியாம வந்துட்டேன். இனிமே வர மாட்டேன்.”

“அட்ரஸ் எல்லாம் நீங்க இப்படி யூஸ் பண்ணக்கூடாது மேடம்” என்றான் சுபாஷ். குரல் கறாராகத்தான் இருந்தது.

“சரி தம்பி.”

வைத்துவிடுவான் என்று பார்த்தாள். வைக்கவில்லை.

“அப்பா இறந்துட்டாங்கன்னு எத வச்சு நெனச்சீங்க?”

“அம்மா சொல்லலியா?”

“லிஸ்ட்ட பாத்துன்னாங்க. லிஸ்ட்டுல என்ன?”

ஸ்கேனர் மணிக்கட்டில் அதிர்ந்தது. அடுத்தது துவரம்பருப்பு, இரண்டாம் வரிசை. இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். ஒன்றுமில்லை தம்பி, என் புத்திகெட்டதனம் என்றால் அவனும் விட்டுவிடுவான். திரை மஞ்சளானது. கூப்பிட்டேன், ஒனக்குக் கேக்கல என்று அண்ணாச்சி சொன்னது நெஞ்சில் வந்து நின்றது. இன்னொரு தடவை அதே வீட்டு ஆள் கூப்பிடுவது காதில் விழாத மாதிரிப் போக அவளுக்குக் கால் வரவில்லை. கூடையைத் தரையில் வைத்தாள்.

“ஒங்க அப்பாவுக்கு பிளேடு வேணும் தம்பி. மூணு மாசமா நீங்க போடல.”

“என்ன பிளேடு?” என்று கேட்டான்.

“இருங்க, அட்டையப் பாத்துச் சொல்லுதேன்.” பிளேடு இருக்கிற வரிசைக்கு நடந்தாள். பெயரைப் படித்துச் சொன்னாள். அவன் டைப் பண்ணுகிற சத்தம் கேட்டது. “மீசைக்குச் சாயம் ரெண்டு பாக்கெட். கறுப்பு கேக்கணும், அடர் கறுப்புன்னு ஒண்ணு வருது, அது அவியளுக்குச் சொறியும். பாலிஷும் கறுப்பு.”

“இப்ப எதுக்கு பாலிஷ்? ஷூ போடுறாங்களா?”

“தெனமும் தொடச்சு வைப்பாவ தம்பி.”

கருப்பட்டி, சுக்கு, காரக் கடலை என்று போய்க்கொண்டே இருந்தது. முப்பத்துநாலு ஐட்டமும் அதே வரிசையில் அவளுக்கு மனப்பாடம். அவன் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று கேட்டான், எந்தக் கம்பெனி என்று கேட்டான், இவள் ஒவ்வொரு வரிசைக்கும் நடந்துபோய் எடுத்துப் பார்த்துச் சொன்னாள். ஓட்ஸைக் குறைத்துப் போடச் சொன்னாள், கோழிக்குத்தான் போகிறது என்று ஆச்சி சொல்லியிருந்தாள். ஒரு இடத்தில் அவன் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. இவள் காத்திருந்தாள். ஸ்கேனர் சிவப்பாகி வெகுநேரம் ஆகியிருந்தது. ஜஸ்டின் தூரத்தில் நின்று கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். வாரக் கணக்கு எழுபத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. இனி அவள் எப்படி ஓடினாலும் ஏறாது.

“நான் கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிடுறேன்க்கா” என்றான் சுபாஷ். மேடம் எப்போது அக்கா ஆனது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“அது கெடக்கட்டும் தம்பி.”

“அப்பாவுக்கு எல்லாம் போட்டாச்சு. அம்மாவுக்கு? அம்மாவுக்கு என்ன வாங்குவாங்க?”

முத்துவடிவு முப்பத்துநாலையும் மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அரிசி, பருப்பு, மிளகாய், சோப்பு எல்லாம் வீட்டுக்கு. பிளேடு முதல் கடலை வரைக்கும் அண்ணாச்சிக்கு. பத்து வருஷம் அந்த மேஜை முன்னால் ஆச்சி பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு நாளாவது, எனக்கு இது ஒன்று என்று கேட்டிருக்கிறாளா? லிஸ்ட்டைப் பார்த்து வீட்டையே படிக்கிறவள் என்று தன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்திருந்தாளே, அந்த லிஸ்ட்டில் இல்லாத ஆளை அவள் தேடிப் பார்த்ததே இல்லை. அண்ணாச்சி சாமான் மூன்று மாதம் இல்லாததற்கு ஒப்பாரி வைக்க ஓடினாள். ஆச்சி சாமான் பத்து வருஷமாக இல்லை.

“தெரியலியே தம்பி” என்றாள். சொல்வதற்கே வெட்கமாக இருந்தது. “நீங்களே கேட்டுப் பாருங்க. ஒண்ணும் வேண்டாம்னுதான் சொல்லுவாவ. ரெண்டாந் தடவையும் கேளுங்க.”

ஆறு மணிக்கு ஜஸ்டின் தாளைக் கொடுத்தான். சுபாஷ் புகாரை எடுத்துக்கொள்வதாக எழுதிவிட்டானாம். ஆனாலும் ஸ்கோர் ஸ்கோர்தான். திங்கட்கிழமையிலிருந்து குடோன். அவள் கையெழுத்துப் போட்டாள். சாஜிதாதான் அழுதாள், இவளுக்கு அழுவதற்கும் தெம்பில்லை.

குடோனுக்கு மாற்றியதால் மறுநாள் ஞாயிறு வேலை இல்லை, பகலெல்லாம் தூங்கினாள். எழுந்தபோது சாரல் விட்டிருந்தது. திங்கள் காலைக்கு மாவு வேண்டும், அதிகாலை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வேண்டும், கால் வலிக்குத் தைலம் தீர்ந்துபோயிருந்தது. செல்லச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். நல்ல மனுஷன்தான், அவள் மேல் பிரியம் உள்ளவன்தான்.

“டவுனுக்குப் போறேன். ஒனக்கு ஏதும் வாங்கணுமா?”

“ஒண்ணும் வேண்டாம்” என்றாள் முத்துவடிவு.

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் கிளம்பிப் போனான்.